சாவின் பெயர் சொல்லும் வரைபடங்கள்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரை. மலருக்காகச் சற்றே விரித்து எழுதப்பட்டது.)



என்ன தலைப்பு என்று செயலாளர் அண்ணன் போனில் கேட்டார். "ஸ்பானிஷ் மொழியில் செத்தவர்களைக் குறிக்கிற இடப்பெயர்கள்" என்றேன். கொஞ்ச நேரம் மறுமுனையில் சத்தமே இல்லை. "ஏம்ப்பா, வருஷத்துக்கு ஒரு நாள் எல்லாரும் சந்தோஷமா கூடுற இடம். வேற எதுவுமே கிடைக்கலையா?" என்றார். "பிள்ளைங்களுக்கு உபயோகமா ஒரு விஷயம் அதுல இருக்குண்ணே" என்றேன். "சரி, சாப்பாட்டுக்கு முன்னாடி முடிச்சிரு" என்று அனுமதி கொடுத்தார். ஆகவே, சாப்பாட்டுக்கு முன் முடித்துவிடுவேன் என்ற உறுதிமொழியோடு தொடங்குகிறேன்.

நான் இங்கே சிவில் படித்தவன். இப்போது சாலை வடிவமைப்பு என் தொழில். நான் வேலை பார்க்கும் இடத்தில், தென்னமெரிக்க நாடுகளின் சாலைப் பணிகளுக்கு இங்கிருந்தபடியே வரைபடம் போட்டுக் கொடுக்கிறோம். அதனால் ஸ்பானிஷ் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. வகுப்பில் கற்றவர்கள் 'காலை வணக்கம்', 'நலமா' என்று ஆரம்பிப்பார்கள். நான் வரைபடத்தை வைத்துக் கற்றவன். ஆறு, ஓடை, குன்று, பள்ளத்தாக்கு என்று ஆரம்பித்தேன். நாலாவது நாளே 'சாவு' என்ற சொல் வந்துவிட்டது. அந்த அளவுக்கு அந்த வரைபடங்களில் சாவு நிறைந்து கிடக்கிறது. இன்று நான் சொல்லப்போகும் இடங்கள் எதிலும் என் கால் பட்டதில்லை. மேசையில் உட்கார்ந்து வரைபடத்தின் வழியே, புத்தகங்களின் வழியே போய்வந்தவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் இரண்டு நிமிடம் இலக்கணம். பயப்படாதீர்கள், தேர்வில் வராது. 'தெல் முவேர்த்தோ' என்றால் 'இறந்தவனுடைய'. ஒரே ஆள். 'தே லா முவேர்த்தே' என்றால் 'சாவினுடைய'. ஆள் இல்லை, சாவு மட்டும். 'தே லோஸ் முவேர்த்தோஸ்' என்றால் 'இறந்தவர்களுடைய'. பலர். இந்த மூன்றும் மூன்று வெவ்வேறு கேள்விகளைக் கேட்கவைக்கின்றன. ஒருமையில் இருந்தால், யார் அந்த ஆள்? சாவு என்று இருந்தால், எப்படிச் செத்தார்கள்? பன்மையில் இருந்தால், எத்தனை பேர், யாரால்? இந்தக் கேள்விகளோடு சில இடங்களைப் பார்ப்போம்.

அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் 'ஹோர்னாதா தெல் முவேர்த்தோ' என்று ஒரு பாலைவெளி இருக்கிறது. ஸ்பானியர் ஆட்சிக் காலத்தில் மெக்ஸிகோ நகரத்திலிருந்து வடக்கே சாந்தா ஃபே வரை போன ராஜபாட்டை இதன் வழியே போனது. 1598-இல் ஹுவான் தே ஓன்யாதே என்பவர் குடியேறிகளோடும் மாட்டு வண்டிகளோடும் இந்த வழியில்தான் போனார். ரியோ கிராந்தே ஆறு பக்கத்திலேயே மேற்கே ஓடுகிறது. ஆனால் அந்த இடத்தில் ஆற்றங்கரை மேடும் பள்ளமும் கரடுமுரடுமாக இருந்ததால் வண்டி போகாது. ஆகவே ஆற்றை விட்டு விலகி, சமதளமான, ஆனால் தண்ணீரே இல்லாத சுமார் 150 கிலோமீட்டரைக் கடந்து, மறுபடியும் ஆற்றைப் பிடிப்பார்கள். நம் பாஷையில் சொன்னால், சரிவு குறைந்த வழியைத் தேர்ந்தெடுத்தார்கள்; தண்ணீரைக் கணக்கில் விட்டுக்கொடுத்தார்கள். எந்தச் சாலை வடிவமைப்பிலும் ஒன்றைப் பெற இன்னொன்றை விடத்தான் வேண்டியிருக்கும். இங்கே விட்டது உயிர்.

'ஹோர்னாதா' என்றால் ஒரு நாள் பயணத் தூரம். வண்டிகளுக்கு இதைக் கடக்க ஒரு நாள் போதாது, பல நாட்கள் பிடித்தன. சரி, அந்த 'இறந்தவன்' யார்? பரவலாகச் சொல்லப்படும் வரலாறு இது. பெர்னார்தோ க்ரூபர் என்ற ஜெர்மானிய வியாபாரி. மந்திரம் எழுதிய காகிதத் துண்டுகளைக் கொடுத்தான் என்ற குற்றச்சாட்டில் 1668-இல் மத விசாரணைக்காரர்கள் அவனைப் பிடித்து அடைத்தார்கள். இரண்டு வருடத்துக்கு மேல் காவலில் கிடந்தவன் 1670-இல் தப்பித்துத் தெற்கு நோக்கி ஓடினான். சில வாரங்களுக்குப் பிறகு இந்தப் பாலையில் எலும்புகள் கிடைத்தன. கிடைத்த இடத்துக்கு 'அலெமான்', அதாவது 'ஜெர்மானியன்' என்று பெயர் விழுந்தது. வெளி முழுவதற்கும் இறந்தவனின் பெயர் நிலைத்தது.

இதில் ஒரு பொறியாளன் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1860களின் பிற்பகுதியில் அதே அலெமானில் கிணறு தோண்டினார்கள். தண்ணீர் வந்தது. ஜெர்மானியன் செத்துக் கிடந்த இடத்துக்குக் கீழேதான் அது இருந்திருக்கிறது. 1880களில் ரயில் பாதையும் அந்த வெளியைக் கடந்துவிட்டது. 'ஆபத்து' என்று பெயர் எழுதி எச்சரித்தது ஒரு தலைமுறை. கிணறு வெட்டி ஆபத்தைத் தீர்த்தது இன்னொரு தலைமுறை. இடையில் இருநூறு வருடம். இந்த வெளிக்கு மறுபடியும் வருவேன், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மத்திய அமெரிக்காவில் கோஸ்தா ரிகா. அங்கே 'செர்ரோ தே லா முவேர்த்தே', சாவின் மலை. உயரம் சுமார் 3,450 மீட்டர். இது ஏறக்குறைய நம் விருதுநகர் இருக்கும் அட்சரேகையில் இருக்கிறது. விருதுநகர்க்காரர்கள் இந்த அரங்கில் இருக்கிறீர்கள், வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதே அட்சரேகையில் ஜனங்கள் எதனால் செத்தார்கள் தெரியுமா? குளிரால். தெற்கே எல் ஹெனெரால் பள்ளத்தாக்கில் குடியேறிய விவசாயிகள், தலைநகர்ப் பக்கம் சந்தைக்குப் போக இந்த மலையை நடந்தே கடக்க வேண்டும். மூன்று நாலு நாள் நடை. முதுகில் சுமை. கீழே வெப்ப மண்டலக் காடு; அதற்கேற்ற மெல்லிய சட்டை. மேலே ஏறினால் மழை, காற்று, இரவில் உறைபனி அளவுக்குக் குளிர். நனைந்த துணியோடு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த வழியோரம் தங்கும் குடில்கள் கட்டினார்கள். பெரிய கட்டுமானம் ஒன்றுமில்லை. நாலு மரச் சுவர், மேலே கூரை, உள்ளே தீ மூட்ட இடம். அவற்றில் ஒன்றான 'ஓஹோ தே அகுவா' குடில் இன்றும் பாதுகாக்கப்பட்டு நிற்கிறது. அதன் பிறகு 1940களில் பான் அமெரிக்க நெடுஞ்சாலைக்காக இந்த மலையில் சாலை வந்தது. இப்போது காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு மூன்று மணி நேரத்தில் கடந்துவிடுகிறார்கள். நெடுஞ்சாலையைப் பாராட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. என் மனது அந்தக் குடிலைத்தான் முதலில் கும்பிடுகிறது. கையில் பெரிய பணம் இல்லாதபோதும், சாவு எதனால் வருகிறது என்று சரியாகக் கண்டுபிடித்தவன் கட்டிய கட்டடம் அது. காரணம் பாதை மோசமாக இருந்தது மட்டுமல்ல. ராத்திரி ஒதுங்க இடம் இல்லாததுதான்.

மூன்றாவது இடம் உங்களில் பலர் படத்தில் பார்த்திருப்பீர்கள். பொலிவியாவில் லா பாஸ் நகரத்திலிருந்து கொரொய்கோ போகும் யுங்காஸ் பழைய சாலை. 'எல் கமீனோ தே லா முவேர்த்தே', சாவுச் சாலை. 1930களில் பராகுவே நாட்டோடு நடந்த சாக்கோ போரில் பிடிபட்ட கைதிகளைக் கொண்டு வெட்டியது. சுமார் 4,650 மீட்டர் உயரத்தில் உள்ள கணவாயிலிருந்து 1,200 மீட்டருக்கு இறங்குகிறது. பல இடங்களில் அகலம் 3 மீட்டர்தான். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பாதாளம். தடுப்புச் சுவர் கிடையாது. மேலே அருவி சாலையிலேயே கொட்டும். 1983 ஜூலை 24 அன்று ஒரே ஒரு பஸ் கவிழ்ந்ததில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். 1995-இல் அமெரிக்க நாடுகளுக்கிடையேயான வளர்ச்சி வங்கி இதை உலகிலேயே ஆபத்தான சாலை என்று குறிப்பிட்டது.

இந்தச் சாலையில் ஒரு விதி இருந்தது, இளைஞர்கள் கவனமாகக் கேட்க வேண்டும். பொலிவியாவில் எல்லா இடத்திலும் வலது பக்கம்தான் ஓட்டுவார்கள். டிரைவர் ஆசனம் இடது பக்கம். நமக்கு நேர் எதிர். ஆனால் இந்த ஒரு சாலையில் மட்டும் நம்மைப்போல இடது பக்கம் போக வேண்டும். இறங்கும் வண்டி பாதாளத்தை ஒட்டிய ஓரத்துக்கு ஒதுங்கி, ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும். கேட்டவுடனே 'என்னடா கிறுக்குத்தனம், இறங்கும் வண்டியையா பாதாளத்துப் பக்கம் தள்ளுவான்?' என்று தோன்றும். யோசித்துப் பாருங்கள். டிரைவர் இடது பக்கம் உட்கார்ந்திருக்கிறார். பாதாளமும் அவருக்கு இடது பக்கம். ஜன்னல் வழியே தலையை நீட்டினால் தன் சக்கரம் விளிம்பிலிருந்து எத்தனை விரற்கடை தள்ளி இருக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். வலது பக்கம் ஒதுக்கியிருந்தால், விளிம்பில் இருக்கும் சக்கரம் அவர் கண்ணுக்கே தெரியாது. ஏறும் வண்டிக்கு முன்னுரிமை ஏன்? சரிவில் நின்ற வண்டியை மறுபடியும் மேல்நோக்கிக் கிளப்புவது கஷ்டம். பின்னால் உருண்டால் ஆபத்து.

ஒரு ரூபாய் சிமெண்ட் செலவில்லாமல், யார் எங்கே உட்கார்ந்து எதைப் பார்க்கிறார் என்பதை மட்டும் வைத்துப் போட்ட விதி இது. இருந்தும் ஜனங்கள் செத்தார்கள். ஏனென்றால், சாலை அகலம் போதாத குறையை டிரைவரின் கண் எத்தனை நாள் ஈடுகட்டும்? 2006 வாக்கில் வேறு மலைச்சரிவில் பாலமும் சுரங்கமுமாகப் புதிய சாலை திறந்த பிறகுதான் கனரக வண்டிகள் பழைய சாலையை விட்டன. இப்போது பழைய சாலையில் பெரும்பாலும் சைக்கிள் ஓட்டும் சுற்றுலாப் பயணிகள். சாவு என்ற பெயரே விளம்பரமாகி, பனியனில் அச்சடித்து விற்கிறார்கள். எச்சரிக்கையாக இருந்த பெயர் வியாபாரப் பெயராக ஆகிவிட்டது. அதைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் சங்கடமாகவும் இருந்தது. அந்தக் கைதிகள் எத்தனை பேர் அங்கேயே விழுந்தார்கள் என்று எந்தப் பனியனிலும் எழுதியிருக்காது.

இப்போது பன்மைக்கு வருவோம். சிலி நாட்டின் தென்கோடியில், பேக்கர் ஆறு கடலில் கலக்கும் இடத்தில், கலேத்தா தோர்த்தேல் என்ற ஊருக்கு அருகே ஒரு சிறு தீவு. 'இஸ்லா தே லோஸ் முவேர்த்தோஸ்', இறந்தவர்களின் தீவு. 1905-இல் ஒரு நில நிறுவனம், சிலோவே தீவிலிருந்து கூலியாட்களைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கியது. மரம் வெட்டவும் வழி திறக்கவும் வேலை. வேலை முடிந்தது. திரும்ப அழைத்துப் போகும் கப்பலும், சாப்பாட்டுச் சாமானும் நேரத்துக்கு வரவில்லை. 1906 குளிர்காலத்தில் அவர்கள் ஒவ்வொருவராகச் செத்தார்கள். காய்கறி, பழம் இல்லாததால் வரும் ஸ்கர்வி நோய்தான் காரணம் என்று இன்று பெரும்பாலும் கருதப்படுகிறது. கூலி கொடுக்காமல் இருக்க விஷம் வைத்துவிட்டார்கள் என்ற பேச்சும் அங்கே தலைமுறை தலைமுறையாக உண்டு. இன்று அந்தத் தீவில் 33 மரச்சிலுவைகள் நிற்கின்றன. இறந்தவர்கள் அதைவிட அதிகம்.

விஷமா, நோயா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. என் கண்ணுக்குப் பட்டது வேறு. விஷம் வைத்ததாக ஜனங்கள் நம்பும் அளவுக்கு, அந்த முதலாளிகள் மேல் கூலிக்காரருக்கு நம்பிக்கை இல்லாமல் போயிருக்கிறது. ஒருவேளை வெறும் தாமதம்தான். கணக்குப் புத்தகத்தில் 'கப்பல் தாமதம்' என்று ஒரு வரி. நம் வேலையில் நாம் தினமும் எழுதுகிற வரி அது. 'சாமான் வரத் தாமதம்', 'ஆள் திருப்பி அனுப்பத் தாமதம்'. அந்த ஒரு வரிக்கு வரைபடத்தில் ஒரு தீவு கிடைத்திருக்கிறது. சைட்டில் வேலை பார்க்கும் தம்பிகள் இதை மறக்கக் கூடாது. ஆளை இறக்கிவிடுவது பாதி வேலை. ஆளை வீடு சேர்ப்பது மீதி வேலை.

எல்லாப் பெயரும் உண்மை சொல்லும் என்று நினைத்துவிடாதீர்கள். மெக்ஸிகோவில் தெயோதிவாக்கான் என்ற பழைய நகரம். அதன் நடுவே பெரிய ராஜவீதி, 'கல்சாதா தே லோஸ் முவேர்த்தோஸ்', இறந்தவர்களின் வீதி. பெயர் வைத்தவர்கள் ஸ்பானியர்கள்கூட அல்ல. அந்த நகரம் பாழாகிப் பல நூற்றாண்டு கழித்து அங்கே வந்த அஸ்தெக் மக்கள். வீதியின் இரு பக்கமும் மண்மூடிக் கிடந்த மேடுகளைப் பார்த்து, ராஜாக்களின் கல்லறைகள் போலும் என்று எண்ணித் தங்கள் நவாத் மொழியில் பெயர் வைத்தார்கள். ஸ்பானியர்கள் அதை மொழிபெயர்த்தார்கள். பிற்காலத்தில் தோண்டிப் பார்த்தால், வீதியோர மேடுகள் கல்லறைகள் அல்ல, கோயில் மேடைகள். பிரமிடுகளுக்கு அடியில் பலியிட்டவர்களின் எலும்புகள் கிடைத்ததும் உண்மைதான். ஆனால் அந்த வீதி வாழ்ந்தவர்களின் வீதி. லட்சம் பேர் அளவுக்கு வாழ்ந்த நகரம் என்று மதிப்பிடுகிறார்கள். வீதிக்கு அடியில் மழைநீர் போக வடிகால் உண்டு. குறுக்கே வந்த ஆற்றையே நகரத்தின் கட்டத்துக்கு ஏற்பத் திருப்பி ஓடவிட்டிருக்கிறார்கள். அப்பேர்ப்பட்ட சிவில் என்ஜினியர்களின் ஊருக்கு, பின்னால் வந்தவன் 'செத்தவன் வீதி' என்று பெயர் வைத்துவிட்டான். பெயரைக் கேட்க வேண்டும். கேட்ட பிறகு தோண்டியும் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் அரிசோனாவில் 'கன்யோன் தெல் முவேர்த்தோ' என்று ஒரு பள்ளத்தாக்கு. நவஹோ மக்களின் பூமி. 1805-இல் அந்தோனியோ நர்போனா என்ற ஸ்பானியத் தளபதி படையோடு வந்தான். மலைச்சுவரில் உயரத்தில் இருந்த ஒரு குகையில் ஒளிந்திருந்தவர்களை மேல்விளிம்பிலிருந்து சுட்டுக் கொன்றார்கள். 115 பேரைக் கொன்றோம், அதில் 90 பேர் போர்வீரர்கள் என்று அவன் மேலிடத்துக்கு எழுதினான். ஆண்கள் வேட்டைக்குப் போயிருந்தார்கள், செத்தவர்கள் பெரும்பாலும் பெண்களும் கிழவர்களும் குழந்தைகளும் என்பது நவஹோ மக்கள் வழிவழியாகச் சொல்வது. பின்னாளில் நர்போனா நியூ மெக்ஸிகோவின் கவர்னர் ஆனான்.

இந்தப் பள்ளத்தாக்கின் பெயர் அந்தப் படுகொலையால் வந்தது என்றுதான் நானும் நினைப்பேன், நீங்களும் நினைப்பீர்கள். அப்படி இல்லை. 1882-இல் வந்த ஓர் ஆராய்ச்சிக் குழு, பழங்காலத்தில் புதைத்த உடல்களை அங்கே கண்டு வைத்த பெயர் அது. இறந்தவன், ஒருமை. 115 பேரைப் பற்றி அந்த ஸ்பானிஷ் பெயருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் நவஹோ மக்கள் தங்கள் மொழியில் அந்தக் குகைக்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். 'இருவர் விழுந்த இடம்' என்று அதற்குப் பொருள். குகைக்குள் ஏறிவந்த ஒரு சிப்பாயை ஒரு பெண் கட்டிப்பிடித்துக்கொண்டு, இருவருமாகக் கீழே விழுந்தார்கள் என்பது கதை. வெளியாள் வைத்த பெயர் ஒன்று. அந்த மண்ணில் இருப்பவர்கள் வைத்த பெயர் ஒன்று. நம் வரைபடத்தில் அச்சாவது பெரும்பாலும் முதலாவதுதான்.

ஸ்பெயினிலேயே ஒரு இடம் உண்டு. மத்ரித் நகரத்துக்கு அருகே மலையைக் குடைந்து கட்டிய பெரிய தேவாலயம், மேலே 150 மீட்டர் உயரச் சிலுவை. உள்நாட்டுப் போரில் வென்ற ஃப்ராங்கோ 1940-இல் ஆரம்பித்து, 1959-இல் திறந்து வைத்தார். 'வாயே தே லோஸ் கயீதோஸ்', வீழ்ந்தவர்களின் பள்ளத்தாக்கு என்று பெயர். கட்டியவர்களில் தோற்ற தரப்பின் அரசியல் கைதிகளும் உண்டு. உள்ளே 33,000-க்கும் மேற்பட்டவர்களின் உடல்கள். அதில் தோற்ற தரப்பினர் பலரின் உடல்களைக் குடும்பத்தாரைக் கேட்காமலே தோண்டி எடுத்து வந்து வைத்தார்கள். 2019 அக்டோபரில் ஃப்ராங்கோவின் உடல் அங்கிருந்து அகற்றப்பட்டது. 2022-இல் சட்டம் போட்டு அந்த இடத்துக்குப் பழைய பெயரான 'குவேல்கமூரோஸ்' என்பதையே திருப்பிக் கொடுத்தார்கள். 2023-இல் குடும்பங்கள் கேட்ட உடல்களைத் தேடி எடுக்கும் வேலை தொடங்கியது. கட்டுமானத் திறமை என்று பார்த்தால் அது ஒரு சாதனைதான். ஆனால் 'வீழ்ந்தவர்கள்' என்ற அழகான சொல்லை வைத்து, யார் வீழ்த்தினார் என்ற கேள்வியை மூடிவிட முடியும் என்பதற்கும் அதுவே சாட்சி.

இப்போது முதலில் சொன்ன நியூ மெக்ஸிகோ பாலைவெளிக்கு வருகிறேன். கிணறு வந்தது, ரயில் வந்தது, இறந்தவனின் வெளி இனி யாரையும் கொல்லாது என்றுதான் நினைத்திருப்பார்கள். 1945 ஜூலை 16, விடியற்காலை 5.29 மணி. அதே ஹோர்னாதா தெல் முவேர்த்தோவில், 30 மீட்டர் எஃகுக் கோபுரத்தின் மேல் வைத்து, உலகின் முதல் அணுகுண்டை வெடித்துப் பார்த்தார்கள். மணல் உருகிப் பச்சைக் கண்ணாடியாயிற்று. அந்த நேரத்தில் ஓப்பன்ஹைமருக்குக் கீதை நினைவுக்கு வந்தது என்பதை நாம் மேடைக்கு மேடை பெருமையாகச் சொல்கிறோம். சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. அந்த வெளியைச் சுற்றிப் பண்ணைகளும் சிற்றூர்களும் இருந்தன. கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் பிடித்துக் குடித்த ஜனங்கள். ரகசியம் கெட்டுவிடும் என்று அவர்களுக்கு முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாம்பல் விழுந்தது. 'வெடிமருந்துக் கிடங்கு தற்செயலாக வெடித்தது' என்று செய்தி கொடுத்தார்கள்.

அணுச் சோதனையால் பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்டஈடு தரும் சட்டம் அமெரிக்காவில் 1990-இல் வந்தது. நெவாடா சோதனைகளின் காற்று வீசிய பக்கத்து மக்களுக்கு அதில் இடம் இருந்தது. முதல் குண்டின் அக்கம்பக்கத்தாருக்கு இடம் இல்லை. அவர்கள் விடாமல் போராடி, 2025 ஜூலையில்தான் அந்தச் சட்டத்துக்குள் வந்தார்கள். கணக்குப் போடுங்கள், 80 வருடம். குழந்தையாக இருந்தவர்கள் பாட்டன் பாட்டியாகி, அதில் பலர் போயும் சேர்ந்துவிட்டார்கள்.

அங்கே நின்ற விஞ்ஞானிகளும் பொறியாளர்களும் உலகின் மிகச் சிறந்த மூளைகள். எத்தனையோ நுணுக்கமான கணக்குகளைச் சரியாகப் போட்டவர்கள். ஆனால் வரைபடத்தில் 'இறந்தவன் வெளி' என்று பெயர் இருந்தால், அங்கே உயிரோடு யாரும் இல்லை என்று படித்துவிடுவது எவ்வளவு சுலபம் பாருங்கள். காலி நிலம் என்று நாம் சொல்லும்போதெல்லாம், காலி என்று யார் சொன்னது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

கடைசியாக என் மேசையிலிருந்து ஒன்று. சில வருடங்களுக்கு முன் ஒரு தென்னமெரிக்க மலைச்சாலை வேலை. வறண்ட ஓடை ஒன்று சாலையைக் கடக்கிறது. இருக்கிற மழைப் பதிவுகளை வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு குழாய்க் கல்வெர்ட் போதும். எங்கள் அலுவலகத்தில் பொதுவாக வரைபடம் சுத்தமாக இருக்கட்டும் என்று இடப்பெயர் அடுக்கை அணைத்துவிட்டுத்தான் வேலை செய்வார்கள். அன்றைக்கு அது அணையாமல் இருந்தது. ஓடையின் பெயர் 'கெப்ராதா தெல் முவேர்த்தோ'. குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் அர்த்தம் கேட்டாள். சொன்னேன். "யார் சார் செத்தது? எப்படிச் செத்தார்?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த ஊர்ப் பொறியாளருக்கு மின்னஞ்சல் போட்டோம். நாலு நாள் கழித்துப் பதில் வந்தது. வருடக்கணக்கில் வறண்டு கிடக்கும் ஓடைதான். ஆனால் பெருமழை பெய்யும் வருடத்தில் சேறும் பாறையுமாக உருண்டு வரும் என்று பெரியவர்கள் சொல்கிறார்களாம். பழைய காலத்தில் ஒருவர் கழுதையோடு அடித்துக்கொண்டு போகப்பட்டாராம். அதன் பிறகு ஆளை அனுப்பி, ஓடையின் இரு கரையிலும் சேறு படிந்த உயரத்தை அளந்தார்கள். குழாய் போய், பாலம் வந்தது.

எங்கள் கணக்கில் தப்பில்லை. கணக்குக்குக் கிடைத்த மழைப் பதிவு இருபது வருடத்துக்கானது. அந்தப் பெயருக்கு அதைவிட வயது அதிகம். மழைமானி வைப்பதற்கு முன்னால், அந்த ஊர் ஜனங்கள் எழுதிவைக்க முடிந்த ஒரே வெள்ளப் பதிவேடு அந்தப் பெயர்தான்.

தம்பி தங்கைகளே, உங்களிடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. இன்று உங்கள் கையில் செயற்கைக்கோள் படம் இருக்கிறது, நாங்கள் படிக்கும்போது கனவிலும் நினைக்காத மென்பொருள் இருக்கிறது. அதெல்லாம் இருக்கட்டும். இடப்பெயர் அடுக்கை மட்டும் அணைக்காதீர்கள். எந்த நாட்டு வரைபடமானாலும், எந்த மொழிப் பெயரானாலும், ஒரு பெயர் உறுத்தினால் அந்த ஊர்க்காரர் ஒருவரைக் கேளுங்கள். அவர் சொல்வது கதையாக இருக்கலாம், தெயோதிவாக்கான் வீதிபோலத் தவறாகவும் இருக்கலாம். கேட்பதற்கு ஒரு மின்னஞ்சல் செலவு. கேட்காமல் விட்டதற்கான செலவை நாம் கொடுப்பதில்லை. அந்தச் சாலையில் போகிறவர் கொடுப்பார்.

இன்னொன்று. நீங்கள் கட்டப்போகும் சாலைக்கும் பாலத்துக்கும் திறப்பு விழாவில் ஒரு பெயர் வைப்பார்கள், கல்வெட்டில் பொறிப்பார்கள். அதன் பிறகு ஜனங்கள் தங்கள் வாயால் ஒரு பெயர் வைப்பார்கள். கல்வெட்டு எத்தனை பெரியதானாலும், நிற்பது இரண்டாவது பெயர்தான். அந்தப் பெயரில் சாவு இல்லாமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது.

செயலாளர் அண்ணன் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். சாம்பார் வாசனையும் வந்துவிட்டது.